தங்கைக்கு மட்டும் சொன்னது

மிளகுக்கு அந்தப் பெயரை வைத்தது அவள் அப்பா. பிறந்தபோது அத்தனை சின்னதாகவும் அத்தனை காரமாகவும் இருந்தாளாம். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நல்ல நீளமான பெயர் ஒன்று இருந்தது. வீட்டில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அப்பாவுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிடுகிறவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. காய்கறிப் பையோடு படியேறும்போதெல்லாம் அம்மா இதைச் சொல்லிக் காட்டாமல் விட்டதில்லை. அம்மா ஒரு மிருக ஆஸ்பத்திரியில் உதவியாளர். டாக்டர் ஊசி போடும்போது நாயையும் பூனையையும் அசையாமல் பிடித்துக்கொள்வது அவள் பொறுப்பு. அவள் கையில் பிராண்டல் தழும்பு இல்லாத நாளே இருக்காது.

அவர்கள் வீட்டுக்கு நேர் மேல் வீட்டில் அம்மாவின் தங்கை இருந்தாள். தாய் இல்லாமல் வளர்ந்த பெண்கள் இருவரும். தங்கைக்குத் தலை வாரிவிட்டது, முதல் முதலாகச் சைக்கிள் பழக்கிவிட்டது, கல்யாணத்தன்று கூடவே உட்கார்ந்து அழுதது எல்லாம் அக்காதான். தங்கை ஒரு தொலைபேசிக் கம்பெனியில் நாள் முழுக்க அடுத்தவர்களின் புகார்களைக் காதில் வாங்கிக்கொள்கிற வேலையில் இருந்தாள். அவளுடைய கணவர் வெளியூர் தொழிற்சாலையில் இருந்து விடுமுறைக்கு மட்டும் வந்து போவார். ஒரே மகள். வாய் ஓயாமல் பேசுவதால் அவளுக்கு மைனா என்று பேர்.

மிளகும் மைனாவும் தவழ்ந்ததே ஒரே பாயில்தான். ஒன்றாம் வகுப்பில் ஒரே அறையில் இடம் கிடைத்தபோது வீட்டில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. காலையில் தங்கை இரண்டு பேரையும் பள்ளியில் விடுவாள். சாயங்காலம் பள்ளி வேன் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடும்.

மிளகுக்கு ஒரே ஒரு தொல்லை. சில நாட்களில் தூக்கத்தில் படுக்கையை நனைத்துவிடுவாள். டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. இந்த வயதில் நிறையப் பிள்ளைகளுக்கு உள்ளதுதான், தானாக நின்றுவிடும், திட்டாதீர்கள் என்று அவர் சொல்லியிருந்தார். அவர்களும் திட்டவில்லை. ஆனால் மிளகே தன்னைத் திட்டிக்கொள்வாள். ஒருநாள் காலையில் ஈர விரிப்பை உருவிக்கொண்டிருந்த அம்மாவின் முகவாயைப் பிடித்துத் திருப்பி, "யாருகிட்டயும் சொல்லக் கூடாது. மைனாகிட்டகூட" என்றாள். அம்மா சத்தியம் செய்து கொடுத்தாள்.

அந்த வாரமே மொட்டை மாடியில் விரிப்பைக் காயப்போடும்போது தங்கை பக்கத்துக் கயிற்றில் துணி போட வந்தாள். தினமும் என்ன விரிப்பு துவைக்கிறாய், வீட்டில் யாராவது விருந்தாளியா என்று விளையாட்டாகக் கேட்டாள். அக்கா சொல்லிவிட்டாள். தங்கையிடம் சொல்வது வேறொருவரிடம் சொல்வதாகவே அவளுக்குத் தோன்றவில்லை. வலது கை இடது கையிடம் சொன்ன மாதிரிதான். யாரிடமும் சொல்லிவிடாதே என்று மட்டும் ஒரு வார்த்தை போட்டாள். தங்கை சிரித்தாள். தன்னிடம் சொன்னது கிணற்றில் போட்ட கல் என்றாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் மிளகுக்குக் காலையில் வயிறு வலிக்க ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை வலிக்காத வயிறு திங்கட்கிழமை வலித்தது. சாப்பாட்டில் கோளாறோ என்று அம்மா பார்த்தாள். மைனாவை அழைத்துக்கொண்டு இறங்கி வந்த தங்கை, இதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிற வயிற்று வலி, இப்போது இடம் கொடுத்தால் தலையில் ஏறி உட்காருவாள், கண்டிப்பாக அனுப்பு என்று புத்தி சொன்னாள். அவளே மிளகின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டும் போனாள். அம்மாவுக்கு நன்றியாக இருந்தது. தன்னால் முடியாத கண்டிப்பை, தனக்காகத் தங்கை காட்டுகிறாள் என்று நினைத்தாள்.

பிறகு தண்ணீர். தண்ணீர் பாட்டில் காலையில் போனபடியே முழுசாகச் சாயங்காலம் திரும்பி வந்தது. வீட்டிலும் மிளகு தண்ணீரைத் தொடவில்லை. உதடு வெடித்தது. ஒருநாள் கழிவறையிலிருந்து எரிகிறது என்று கத்தி அழுதாள். டாக்டர் பரிசோதித்துவிட்டு, சிறுநீர்த் தாரையில் தொற்று என்றார். குழந்தை ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று கேட்டார். பயந்துபோன பூனையை எங்கே தொட்டால் அடங்கும் என்று தெரிந்தவளுக்குத் தன் பிள்ளை எதற்குப் பயப்படுகிறாள் என்று தெரியவில்லை.

மிளகு அப்பாவிடம்தான் வாயைத் திறந்தாள். மருந்து கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் படுத்திருந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வகுப்பில் அவளுக்கு 'சொட்டு' என்று பேர் வைத்திருக்கிறார்கள். அவள் உட்கார்ந்து எழுந்தால் பெஞ்சைத் துடைப்பது போல் நடிக்கிறார்கள். விளையாட்டில் சேரப் போனால், சொட்டு வருது, வழுக்கிடும், தள்ளிக்கோ என்று ஓடுகிறார்கள். தண்ணீரே குடிக்காவிட்டால் சொட்டாது, பேரும் போய்விடும் என்று அவளாக ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருக்கிறாள்.

அப்பா சமையலறைக்கு வந்து இதைச் சொன்னார். சொல்லி முடித்தும் போகாமல் நின்றார்.

"இன்னும் என்ன?" என்றாள் அம்மா.

"இதை உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னா."

"ஏன்?"

"அம்மாகிட்ட சொன்னா, அம்மா சொல்லிடுவாங்கன்னா."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கையிலிருந்த பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். மொட்டை மாடி நினைவுக்கு வந்தது. ஆனால் அப்போதுகூட மனசு தங்கைப் பக்கமே வாதாடியது. மைனா எப்போதாவது மிளகோடு தூங்கியபோது தெரிந்திருக்கும். குழந்தை வாய், எங்கேயோ உளறியிருக்கும். தங்கைக்கு இதில் ஒன்றும் தெரிந்திருக்காது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வகுப்பு டீச்சரைப் பார்க்கப் போனாள். டீச்சர் மெலிந்த, மெல்லப் பேசுகிற பெண். பிள்ளைகள் வெளியே விளையாடப் போன நேரம். சின்ன நாற்காலி ஒன்றில் அம்மா முழங்கால் இடிக்க உட்கார்ந்து, என்ன நடக்கிறது என்று கேட்டாள்.

டீச்சர் ஆச்சரியப்பட்டார். "நான் போன வாரமே சொல்லிட்டேனே. உங்க தங்கச்சிகிட்ட. தினம் காலையில அவங்கதானே வர்றாங்க. உங்ககிட்ட சொல்லிடறேன்னு சொன்னாங்களே."

அம்மாவின் முகத்தைப் பார்த்து டீச்சர் சங்கடப்பட்டார். யார் ஆரம்பித்தது என்று அவள் கேட்டதும் இன்னும் தயங்கினார். கடைசியில், மைனாதான் என்று சொன்னார். மைனாவை அடித்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். மைனாவுக்கு 'ர' வராது. ரயிலை 'யயில்' என்பாள். சில வாரங்களாக வகுப்பே அவளைச் சுற்றி நின்று 'ரப்பர்' சொல்லு, 'ரப்பர்' சொல்லு என்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தைத் தன்னிடமிருந்து திருப்பிவிட மைனாவுக்கு ஒரு வழி கிடைத்தது. மிளகைப் பற்றி ஒரு சேதி தெரியும் என்று சொன்னாள். கூட்டம் மொத்தமாக அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

தங்கை வேலையிலிருந்து வரும்வரை அக்கா மேல் வீட்டு வாசலிலேயே படியில் உட்கார்ந்திருந்தாள். தங்கை வந்தாள். நாளெல்லாம் காதில் மாட்டியிருந்த கருவியின் தடம் தலைமுடியில் பள்ளமாகப் பதிந்திருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும், என்னக்கா இங்கே என்று கேட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாள் என்று அக்காவுக்கு எரிச்சல் வந்தது. டீச்சரைப் பார்த்துவிட்டு வந்ததை மட்டும் சொன்னாள்.

தங்கை கதவைத் திறக்கவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"அவ தினம் அழுதாக்கா. கண்ணாடி முன்னாடி நின்னு 'ர', 'ர'ன்னு சொல்லிப் பார்த்து அழுதா. எல்லாருக்கும் ஏதாவது ஒரு குறை இருக்கும்மா, மிளகுக்குக்கூட இருக்குன்னு சொன்னேன். அந்த நேரத்துல அவளைத் தேத்த எனக்கு வேற எதுவும் வாயில வரல."

"அதுகூட எனக்குப் புரியுது" என்றாள் அக்கா. உண்மையாகவே அவளுக்கு அது புரிந்தது. "டீச்சர் உன்கிட்ட சொன்னாங்களே, அதுக்கப்புறம்?"

தங்கை தரையைப் பார்த்தாள்.

"அதுக்கப்புறமும் தினம் காலையில எங்க வீட்டுக்கு வந்து அவ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனியே. கண்டிப்பா அனுப்புன்னு எனக்குச் சொன்னியே."

"மைனா சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தாக்கா" என்றாள் தங்கை. "ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரிச்சா. அது இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்னு நெனச்சேன். அவ்வளவுதான் நெனச்சேன்."

காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். அதை அக்காவும் மறுக்க மாட்டாள். ஆனால் மிளகையும் தன் கூட்டுக் குஞ்சாகத்தான் தங்கை நினைக்கிறாள் என்று இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தாளே, அந்த நம்பிக்கைதான் மாடிப்படியில் உட்கார்ந்த இடத்தில் போனது. நம்பியிருந்த தன் கையே கண்ணைக் குத்தியிருந்தது. அவள் சத்தம் போடவில்லை. இனிமேல் மிளகை அவள் அப்பாவே பள்ளியில் விட்டுக்கொள்வார் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.

அவளுக்கு இன்னும் கஷ்டமான வேலை ஒன்று பாக்கி இருந்தது. மிளகு தரையில் உட்கார்ந்து செருப்பு வாரில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவும் தரையில் உட்கார்ந்தாள்.

"சித்திகிட்ட நான்தான் சொன்னேன். சொல்லாதேன்னு நீ கேட்டுக்கிட்ட அப்புறமும் சொன்னேன். அது தப்பு."

"தெரியும்" என்றாள் மிளகு. "மைனா எல்லார் முன்னாடியும் சொன்னா. உங்கம்மாதான் சொன்னாங்கன்னு." முடிச்சைப் பிரித்தாள். "நான் பொய்யின்னு சொன்னேன். எங்கம்மா சொல்லவே மாட்டாங்கன்னு சொன்னேன்."

அவளைக் கட்டிக்கொள்ள அம்மாவின் கை நீண்டது. மிளகு விலகவில்லை, ஆனால் சாய்ந்துகொள்ளவும் இல்லை. இனிமேல் சொல்ல மாட்டேன் என்று அம்மா சொன்னாள். மிளகு பார்க்கலாம் என்றாள். அப்பா அடிக்கடி சொல்கிற வார்த்தை அது.

டீச்சர் தன் பங்குக்கு ஆக வேண்டியதைச் செய்தார். வகுப்பைக் கூட்டி நிறுத்தித் திட்டவில்லை. திட்டினால், தாம் இல்லாதபோது இன்னும் சத்தமாகக் கூப்பிடுவார்கள் என்பது அவர் அனுபவம். பேர் வைத்துக் கூப்பிட்ட பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தனியே அழைத்துப் பேசினார். இடங்களை மாற்றினார். விளையாட்டு நேரத்தில் தாமே மைதானத்தில் நின்றார். மிளகு எப்போது கேட்டாலும் கழிவறைக்குப் போகலாம், கை தூக்கக்கூட வேண்டாம் என்றார். அம்மாவிடம் ஒன்று சொன்னார்.

"அவளை எல்லாருக்கும் பிடிக்கணும்னு ஆசைப்படாதீங்க. ஒரே ஒரு சிநேகிதி போதும். ஒருத்தி கூட இருந்தா, மீதிப் பேர் என்ன சொன்னாலும் பாதிதான் காதுல விழும்."

வீட்டில் அப்பா ஒத்திகை நடத்தினார். தினமும் சாப்பிட்ட பிறகு அவர்தான் வகுப்புப் போக்கிரி. இடுப்பில் கை வைத்துக்கொண்டு வழிமறிப்பார். ஆனால் 'சொட்டு' என்ற வார்த்தை அவர் வாயில் வரவே மாட்டேன் என்றது. பட்டு, தட்டு, லட்டு என்று என்னென்னவோ கூப்பிட்டார். சரியா திட்டுப்பா, இப்படித் திட்டினா எனக்கு எப்படிப் பழகும் என்று மிளகு கோபித்துக்கொண்டாள். அது என் பேர் இல்லை என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்துபோக அம்மா சொல்லிக் கொடுத்தாள். மிளகு நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். அதைச் சொன்னால் அழுகை வருகிறதாம். அவளாகவே ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். "ஆமா. அதுக்கென்ன?" அதைச் சொல்லும்போது அழுகை வரவில்லை. அதனால் அதுவே இருக்கட்டும் என்று விட்டார்கள். தண்ணீரும் குடிக்கத் தொடங்கினாள், அப்பா எதிரில் உட்கார்ந்து டம்ளருக்கு டம்ளர் போட்டி போட்டால் மட்டும்.

அப்பா அம்மா செய்கிற வேலையிலிருந்து ஏதாவது ஒரு பொருளைக் கொண்டுவந்து காட்டும் நாள் ஒன்று வகுப்பில் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா ஒன்றைக் கொண்டுவந்தாள். புண்ணை நக்காமல் இருக்க நாயின் கழுத்தில் மாட்டுவார்களே, அந்தப் பெரிய பிளாஸ்டிக் புனல். இதைப் பார்த்தால் எல்லாப் பிள்ளைகளும் மிளகைச் சுற்றி வந்துவிடுவார்கள் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

கணக்கு தப்பிப்போனது. மிளகு அதை வெளியே எடுத்ததும் பின்னாலிருந்து ஒரு குரல், "சொட்டுக்குப் புனல் கொண்டாந்திருக்கா" என்றது. வகுப்பே சிரித்தது. டீச்சருக்கே ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியவில்லை என்று பிறகு அம்மாவிடம் சொன்னார். மிளகின் முகம் சிவந்தது. ஆமா, அதுக்கென்ன என்று சொன்னாள். ஒத்திகையில் வந்த குரல் வரவில்லை, நடுங்கித்தான் வந்தது. ஆனாலும் சொல்லிவிட்டாள். சிரிப்புக்கு நடுவே ஓரத்து பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "நாய் இதை மாட்டிக்கிட்டு எப்படிச் சாப்பிடும்?" என்று கேட்டாள். அவளுக்குச் சிரிப்பில் அக்கறையே இல்லை. கேள்விதான் முக்கியம்.

அவள் பூட்டுக்கடைக்காரர் மகள். வாட்டசாட்டமான பெண். எதைப் பார்த்தாலும் கழற்றிப் பார்க்கிறவள். மிளகுக்குப் பதில் தெரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் அந்தப் புனலை மாறி மாறிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சாப்பிட்டுப் பார்த்தார்கள். சட்டையெல்லாம் சோறு. நாயால் முடியும், நம்மால்தான் முடியவில்லை என்று முடிவு கட்டினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூட்டுக்கடைக்காரர் மகள் வீட்டுக்கு வந்தாள். கடையில் உதவாமல் போன சாவிகளை வளையத்தில் கோத்துக் கொண்டுவந்திருந்தாள். வீட்டிலுள்ள பூட்டு ஒன்றையும் இருவரும் விடவில்லை. எதுவும் திறக்கவில்லை. அப்பாவின் கருவிப்பெட்டியில் ஒரு சாவி மாட்டிக்கொண்டு வர மறுத்தது. அதை எடுக்க அவர் பட்ட பாடு தனிக் கதை. மத்தியானம் மிளகு, யாரும் கேட்காமலே, நான் தூக்கத்துல நனைச்சுடுவேன் என்று அவளிடம் சொன்னது பக்கத்து அறையிலிருந்த அம்மாவின் காதில் விழுந்தது. எங்க தம்பியும்தான், நான்தான் அவனுக்கு வேற டிரவுசர் எடுத்துக் கொடுப்பேன் என்றாள் அந்தப் பெண். சொல்லிவிட்டு அடுத்த சாவியைத் தேடினாள்.

பட்டப்பேர் சொல்லிக் கூப்பிடுவது ஒரேயடியாக நிற்கவில்லை. குறைந்தது. கூப்பிட்டவர்களுக்கு வேறு விளையாட்டு கிடைத்தது. அந்த விளையாட்டில் மைனாவுக்கு இடம் இல்லை. அவள் சொன்ன சேதியைக் கேட்டுச் சிரித்தவர்கள் யாரும் அவளுக்குச் சிநேகிதர்களாக ஆகியிருக்கவில்லை. தங்கை மாடிப்படியில் அக்காவை நிறுத்தினாள். மைனா தனியாகவே உட்கார்ந்திருக்கிறாளாம், மிளகிடம் சொல்லிக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். கேட்கும்போது அழுதாள்.

மைனாவை நினைத்தால் அக்காவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவளும் ஆறு வயசுக் குழந்தை. கையில் கிடைத்த ஆயுதத்தை வீசினாள். அதை அவள் கையில் கொடுத்தவர்கள் பெரியவர்கள்.

"நான் மிளகுகிட்ட எதுவும் சொல்ல மாட்டேன்" என்றாள் அக்கா. "மைனாவே வந்து கேக்கட்டும்."

மைனா வந்தாள். கதவோரமாக நின்றாள். மைனா என்று பேர் வாங்கியவளுக்கு வெகுநேரம் பேச்சே வரவில்லை. உள்ளே இரண்டு பேரும் சாவிகளைத் தரையில் பரப்பி வைத்திருந்தார்கள்.

"நான் சொன்னது தப்பு" என்றாள். பிறகு, "நானும் வயட்டா?" என்று கேட்டாள்.

மிளகு அவளையே பார்த்தாள். பூட்டுக்கடைக்காரர் மகளைப் பார்த்தாள். அம்மா உள்ளே வரவில்லை, கண் ஜாடையும் காட்டவில்லை.

"வா" என்றாள் மிளகு. "ஆனா சாவி நாங்கதான் வெச்சுப்போம்."

மைனா ஓரமாக உட்கார்ந்தாள். அவள் கைக்குச் சாவி வர ரொம்ப நாள் ஆகவில்லை. பிள்ளைகளின் கணக்கு அப்படித்தான் தீரும்.

மிளகின் அம்மாவுக்கு அப்படித் தீரவில்லை. மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் ஆஸ்பத்திரி டாக்டர் அவளைக் கூப்பிட்டு, ஊரின் மறுபக்கத்தில் தொடங்கப் போகிற புதுக் கிளையை அவளே பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கட்டடத்துக்குள் நுழைந்தவள் தன் வீட்டைத் தாண்டி, பழக்கத்தில், மேல் வீட்டு வாசலுக்குப் போய் நின்றுவிட்டாள். நல்ல சேதி எதுவானாலும் முதலில் போய் நிற்கிற வாசல் அது. கதவு திறந்திருந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை சட்டென்று எழுந்து வந்தாள். முகத்தில் அத்தனை ஆவல்.

"என்னக்கா?"

அக்கா அவளைப் பார்த்தாள். தங்கையின் தலை சரியாக வாராமல் ஒரு பக்கம் கலைந்திருந்தது.

"ஒண்ணுமில்ல" என்றாள். "மாடியில துணி நனையுது. எடுத்துடு."

படியிறங்கித் தன் வீட்டுக்குப் போனாள்.